அரைக் கட்டம் மிச்சம்

…இருக்கவே முடியாது, பதினாறு மடிப்புக்குப் பதினாறு கட்டம் வந்தாக வேண்டும், இருபத்திரண்டு வருஷமாக வந்துகொண்டிருப்பது இன்றைக்கு மட்டும் வராமல் எங்கே போய்த் தொலையும், என்று அவள் சுழல்மேசையை மறுபடியும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். கேக் சுற்றி வந்தது, கேக்கின் காலடியில் ஒட்டியிருந்த, பதினாறாக மடித்துக் குறித்த காகிதப் பட்டையும் கூடவே சுற்றி வந்தது, பட்டையின் தலையும் வாலும், சண்டை போட்டுக்கொண்ட இரண்டு பேர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி, நடுவில் ஒரு அங்குலம் விட்டு நின்றன. இரண்டு அங்குலத்துக்கு ஒரு கட்டம், பதினாறும் முடிந்து ஒரு அங்குலம் மிச்சம் என்றால் அரைக் கட்டம், அரைக் கட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, தலையிலா வைத்துக்கொள்வது? வலப்பக்கம் சாய்கிற கோடுகளை எல்லாம் அழுத்தி முடித்தாயிற்று, இனி இடப்பக்கம் சாய்கிறவை, இரண்டும் ஒன்றையொன்று வெட்டினால்தான் வைரக் கட்டம், கட்டங்கள் உப்பினால்தான் பஞ்சு வைத்துத் தைத்த மெத்தை மாதிரி தெரியும், அந்த ஜெர்கின் மாதிரி… ஜெர்கினை இப்போது நினைக்காதே, கேக்கைப் பார். மடிப்பு சரி, மூலைமட்டம் சரி, கைகூட நடுங்கவில்லை, பின்னே எங்கே தப்பியது… ஐயோ. கிரீம் பூசின கையோடு அளந்துவிட்டாள். மேலே சர்க்கரை மாவு விரிப்பைப் போர்த்துவதற்கு முன்னாலேயே பட்டையைச் சுற்றி அளவெடுத்துவிட்டாள். இரண்டு சப்பாத்தித் தடிமன் விரிப்புதான், ஆனால் போர்த்தின பிறகு கேக் சுற்றளவில் முழுசாக ஒரு அங்குலம் பெருத்துவிடும், போர்த்து, பிறகு அள, இதைத் தவிர இந்த வேலையில் வேறு என்ன ரகசியம் இருக்கிறது? வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு. அடி பைத்தியமே, அடி மூதேவி, இன்றைக்கா, இந்தக் கேக்கிலா…

மணி ஒன்று நாற்பது. மூன்றுக்கு வண்டி வரும். கீழடுக்கும் மேலடுக்கும் பன்னிரண்டு மணிக்கே முடிந்து, குளிரறையில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கின்றன, அவை இரண்டிலும் ஒரு நூல் பிசகவில்லை. ஏனென்றால் அப்போது அவளுக்குத் தெரியாது. இந்த நடுவடுக்குக்கு வரும்போது தெரிந்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த அந்தப் படத்தைக் காலையிலிருந்து பத்துத் தடவை பார்த்திருப்பாள், பார்த்ததெல்லாம் ஜெர்கினை மட்டும்தான். மாப்பிள்ளையின் அக்கா அனுப்பின படம். மாப்பிள்ளை பெண்ணை முதன்முதலில் பார்த்த அன்றைக்குப் பெண் அந்த வெள்ளை ஜெர்கினைத்தான் போட்டிருந்தாளாம், அதனால் கேக்கும் அந்தத் தையல் மாதிரியே இருக்க வேண்டுமாம், மூன்று அடுக்கு, காலையில் பதிவுக் கல்யாணம், சாயங்காலம் ஆறு மணிக்கு வரவேற்பு, கூடத்துக்கு நடுவில் வைப்பார்கள், பெயர் எழுத வேண்டாம், என்று சீட்டில் முதலாளியின் கோழிக்கிறுக்கல், கீழே அந்த அக்காவின் தொலைபேசி எண். படத்தில் கழுத்துக்கு மேலே வெட்டிவிட்டிருந்தார்கள், கேக் கடைக்கு முகம் எதற்கு, தையல் தெரிந்தால் போதாதா? ஆனால் வெட்டினவர்கள் சரியாக வெட்டவில்லை, முகவாய் மட்டும் மிஞ்சிவிட்டது. பன்னிரண்டரை மணிக்கு, கட்டத்தின் மூலையில் எந்த அளவு முத்து பொருந்தும் என்று பார்க்க மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போனாள். முகவாய்க்குக் கீழே நகத்தால் கீறின மாதிரி ஒரு வெளுத்த கோடு. நாலு தையல். நாலுதான், அவளுக்குத் தெரியாதா, ஊசி ஏற ஏறப் பக்கத்தில் நின்று எண்ணினவள் அவள். இரண்டு வருஷம் மூன்று மாதம் கழித்துப் பெற்ற மகளைப் பார்க்கிறாள், அதுவும் எப்படி, கழுத்திலிருந்து இடுப்பு வரை, ஒரு குளிர்பெட்டிக் கதவில்.

ஒன்பது வயசு அப்போது. அப்பா இல்லாத பிள்ளை, அவர் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. குளியலறைக்குப் போன பிள்ளை படியில் விழுந்த சத்தம், ஓடிப் போய்ப் பார்த்தால் கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கிறது, கண் மேலே போய்விட்டது, முகவாயிலிருந்து ரத்தம். அன்றைக்கு அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது, ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், வாயில் கரண்டியை வை என்றார்கள், தண்ணீரைத் தெளி என்றார்கள், பிறகு டாக்டர்தான் சொன்னார், ஒன்றும் செய்யாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள், கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். அதற்குப் பிறகு எத்தனை தடவை எண்ணியிருப்பாள்? பள்ளிக்கூட வாசலில், பேருந்து நிறுத்தத்தில், ஒரு தடவை துணிக்கடையில் சேலை மடிப்புகளுக்கு நடுவில், அறுபது, எழுபது, எண்பது, வந்துவிடும், இப்போது வந்துவிடும், இதோ கண் திறக்கிறது, அம்மா இங்கேதான் இருக்கேன் கண்ணு. டியூப்லைட் மினுங்கினால் ஆகாது, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது, காலை ஒன்று இரவு ஒன்று மாத்திரை. இதையெல்லாம் உலகத்தில் அவளைத் தவிர யாருக்குத் தெரியும்? அந்தப் பிள்ளைக்குத் தெரியும், அது கணக்கில் இல்லை, விழுகிறவளுக்குத் தான் விழப்போவது தெரியாது, பிடிக்கிறவளுக்குத்தான் தெரிய வேண்டும். அந்தப் பிடிக்கிற கை இப்போது இங்கே கேக்கில் தடவுகிற வெள்ளைக் கொழுப்பில் முங்கி நிற்கிறது. இன்றைக்கு ஆறு மணிக்கு மேடையில் விளக்குகளுக்கு நடுவில் அந்தப் பிள்ளை நிற்கும், சுற்றி நிற்பவர்களில் எவருக்காவது தெரியுமா? சொல்லியிருப்பாளா? எங்கே சொல்லியிருக்கப் போகிறாள்…

"என்ன டீச்சர், கணக்கு தப்பிடுச்சா?" என்று அடுத்த மேசையிலிருந்து கிரீம் அக்கா கேட்டாள். எப்போதும் கையில் அளவுகோல் இருப்பதால் அவளுக்கு இந்தக் கடையில் டீச்சர் என்று பெயர், எப்போதும் முழங்கை வரை கிரீம் இருப்பதால் அந்த அம்மாளுக்குக் கிரீம் அக்கா. "தப்பலைக்கா, மிச்சம் வந்திருக்கு." "மிச்சம் வந்தா நல்லதுதானே, வீட்டுக்கு எடுத்துட்டுப் போ." சிரிக்கத்தான் வேண்டும், சிரித்தாள், சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. "சுவத்துப் பக்கமாத் திருப்பி வெச்சிடும்மா, எவன் குனிஞ்சு பாக்கப் போறான்" என்றாள் அக்கா. எல்லாக் கேக்குக்கும் ஒரு முதுகுப்பக்கம் உண்டு, பிசகை எல்லாம் அங்கேதான் தள்ளுவார்கள், ஆனால் இதைக் கூடத்துக்கு நடுவில் வைக்கப் போகிறார்கள், நாலு பக்கமும் நடப்பார்கள், இதற்கு முதுகே கிடையாது. பிய்த்துப் போட்டுவிட்டு வேறு போர்த்தலாமா என்றால் வெள்ளை விரிப்பு அவ்வளவு மீதமில்லை, புதிதாகப் பிசைந்து ஆறவைக்க ஒரு மணி நேரம் போய்விடும். இதோ, ஏற்கெனவே மேல்தோல் காயத் தொடங்கிவிட்டது, கால் மணி நேரம்தான் இதற்கு ஆயுசு, அதற்குள் கோடு போடாவிட்டால் பிறகு அழுத்துகிற இடமெல்லாம் முதலை முதுகாக வெடிக்கும். யோசி. கேக்கை யோசி. அவளை யோசிக்காதே.

சரி, கடைசி நாலு கோட்டை அழித்துவிடலாம். உள்ளங்கையில் துளி வெள்ளைக் கொழுப்பைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு அந்த நாலு கோட்டின் மேலும் மெதுவாக வட்டம் வட்டமாகத் தேய்த்தாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் முதுகைத் தடவுகிற மாதிரி, அழுத்தினால் பள்ளம் விழும், அழுத்தாவிட்டால் கோடு போகாது. நாலு கட்டத்துக்கு எட்டு அங்குலம், மிச்சம் ஒன்று, ஆக ஒன்பது, ஒன்பதை நாலால் பங்கிட்டால் கட்டத்துக்கு இரண்டேகால். கால் அங்குலத்தைக் கண் மன்னித்துவிடும், ஒரே இடத்தில் ஒரு அங்குலம் என்றால்தான் கண் மன்னிக்காது, பங்கு போட்டுப் பரப்பிவிட்டால் எந்தத் தப்பும் தப்பாகவே தெரியாது… மனுஷத் தப்பை இப்படிப் பரப்ப முடிகிறதா பார்? அவள் செய்தது ஒரே இடத்தில், ஒரே வியாழக்கிழமை சாயங்காலம், ஒரே ஒரு தொலைபேசிப் பேச்சு, அரை நிமிஷம்கூட இருக்காது. ஒண்ணு சொல்லணும், தப்பா எடுத்துக்காதீங்க, பொண்ணுக்குச் சின்ன வயசுல இருந்து வலிப்பு உண்டு, மாத்திரை சாப்பிடறா, இப்ப நாலு வருஷமா வரலை, மறைச்சுக் கல்யாணம் பண்ணக் கூடாதுன்னு மனசு உறுத்துச்சு. அப்போது நிச்சயம் பண்ணியிருந்த பையனின் அம்மா மறுமுனையில் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார்கள், சொன்னதுக்கு நன்றிங்க என்றார்கள். நிச்சயம் முடிந்து இருபது நாள். சனிக்கிழமை காலையில் அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, சரிப்பட்டு வராது போலிருக்கு என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

"யாரும்மா சொன்னது?" என்று மகள் கேட்டாள். கத்தவில்லை, அழவில்லை, சாப்பிட்டியா என்று கேட்கிற குரலில் கேட்டாள். நான்தான் என்றாள் இவள். பொய் சொல்லியிருக்கலாம், வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று மழுப்பியிருக்கலாம், ஆனால் உண்மை பேசுகிறவள் ஆயிற்றே, உண்மை பேசித்தானே இத்தனையும், நான்தான் கண்ணு, உன் நல்லதுக்குத்தான், நாளைக்கு அவங்களாத் தெரிஞ்சுக்கிட்டு உன்னைக் கொண்டுவந்து விட்டுட்டா என்ன பண்றது… மகள் கடைசி வரை கேட்டாள். பிறகு உள்ளே போய்ப் பெட்டியில் துணியை எடுத்து வைத்தாள், மாத்திரை டப்பாவைக்கூட மறக்காமல் எடுத்து வைத்தாள், அதைப் பார்த்து இவளுக்கு ஒரு நிம்மதி வந்தது பார், அந்த நேரத்திலும். "நீ பேசினது போதும்மா. இனிமே நான் எங்க இருக்கேன்னு உனக்குத் தெரிய வேண்டாம்." அவ்வளவுதான். இரண்டு வருஷம் மூன்று மாதம். எண் மாற்றிவிட்டாள், வேலை மாற்றிவிட்டாள். இவளும் பழைய கடையை விட்டு இந்தக் கடைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, அது மகளுக்குத் தெரிய வழியில்லை, தெரிந்திருந்தால் இந்தக் கடையின் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். இல்லை, ஒருவேளை தெரிந்தே… எப்படியோ தெரிந்து, அம்மா கையால் இருக்கட்டும் என்று… சீ, ஆசையைப் பார். ஆர்டர் கொடுத்தது மாப்பிள்ளையின் அக்கா, நீ யாரென்று அவர்களுக்குத் தெரியாது, சும்மா இரு.

அழித்த இடத்தில் இரண்டேகால் கணக்கில் புதுக் கோடு போட்டுவிட்டு இடச்சாய்வுக் கோடுகளை ஆரம்பித்தாள். மூலைமட்டத்தைச் சாய்த்து வைத்து, மழுங்கின கத்தியின் முதுகால் ஒரே மூச்சில் கீழிருந்து மேலே, நடுவில் நிறுத்தினால் நிறுத்தின இடம் தெரியும், ஒன்று, இரண்டு, மூன்று, கட்டங்கள் ஒவ்வொன்றாக உப்பி எழுந்தன, அந்த நாலு இரண்டேகால் கட்டங்களும் மற்றவற்றோடு கலந்துவிட்டன, அவளாலேயே உடனே கண்டுபிடிக்க முடியவில்லை. இந்தக் கை மட்டும் இல்லாவிட்டால் அவளுக்கு என்ன இருக்கிறது? தையல் சக்கரத்தைக் கோட்டின் மேல் ஓட்டினாள், நூல் ஓடின மாதிரி புள்ளி புள்ளியாக வந்தது. மூன்று மணிக்கு வண்டியில் ஏறியாக வேண்டும். அடுக்குகளை அங்கே போய் ஒன்றன்மேல் ஒன்று நிறுத்துவது எப்போதும் அவள்தான், டிரைவர் தம்பி ஒரு முனையைப் பிடிப்பான், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். ஆக அவள் போகத்தான் வேண்டும், வேலையாகத்தான் போகிறாள், யாரும் குற்றம் சொல்ல முடியாது, தொப்பியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு குனிந்தே இருந்தால் போகிறது, ஒரு ஓரமாக ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாம், இளைத்திருக்கிறாளா, தூங்குகிறாளா… ஆனால் மகள் பார்த்துவிட்டால்? எத்தனை தொப்பி போட்டாலும் பெற்றவளின் நடை தெரியாதா? பார்த்த அந்த நொடியில் அந்தப் பிள்ளை என்ன நினைக்கும், அம்மா வந்திருக்கிறாள் என்றா, இல்லை, சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைக்கும். இந்த இடத்தையும் கெடுக்க வந்துவிட்டாள் என்று. அந்தப் பயத்திலேயே, அந்த நடுக்கத்திலேயே, அங்கேயே, அத்தனை பேருக்கு நடுவில் விழுந்துவிட்டால்? கடவுளே.

அப்படியானால் போகாதே, தலைவலி என்று சொல்லிவிடு. போகாவிட்டால்? போகாவிட்டாலும் மேடை இருக்கிறது, விளக்கு இருக்கிறது, நாலு நாளாகத் தூங்காத கல்யாணப் பெண்ணின் தலை இருக்கிறது, விழுந்தால் யார் ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள், வாயில் கரண்டியை வைக்கிற ஊர் இது. அவர்களுக்குத் தெரிந்திருந்தால் பரவாயில்லை, தெரிந்திருக்காது, எப்படித் தெரிந்திருக்கும், ஒரு தடவை சூடுபட்ட பிள்ளை மறுபடியும் வாயைத் திறக்குமா? மறைத்துத்தான் வைத்திருப்பாள். மறைக்கக் கற்றுக்கொடுத்ததே நீதானே என்று உள்ளுக்குள்ளே ஒன்று சொன்னது. ஆமாம் நான்தான், அதனால்தான் நானே சரிசெய்ய வேண்டும், என்று இன்னொன்று சொன்னது, கல்யாணம் காலையிலேயே முடிந்துவிட்டது, கையெழுத்துப் போட்டாயிற்று, சாயங்காலம் வெறும் வரவேற்புதான், இனி யாரும் நிறுத்தப் போவதில்லை, ஒரு எச்சரிக்கைதானே, விளக்கைப் பார்த்துப் போடுங்க, பொண்ணு தூங்கட்டும், இவ்வளவுதானே, பேரைக்கூடச் சொல்ல வேண்டாம், கேக் கடையிலிருந்து யாரோ ஒருத்தி, யாரோ சொல்லிக் கேட்டேன் என்று… உயிர் முக்கியமா, அந்தப் பிள்ளையின் கோபம் முக்கியமா? இப்படித்தான் அன்றைக்கும் கேட்டுக்கொண்டாள், இதே கேள்வியைத்தான், வார்த்தைகூட மாறவில்லை. தெரிந்தது. தெரிந்தும் கையைக் கழுவினாள், துடைத்தாள், சீட்டிலிருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து அழுத்தினாள், முத்துக்கள் கிண்ணத்தில் அப்படியே கிடந்தன, கிரீம் அக்கா நிமிர்ந்து ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

மறுமுனையில் ஒரே இரைச்சல், நாற்காலி இழுக்கிற சத்தம், யாரோ யாரையோ மேலே ஏறச் சொல்கிறார்கள். கேக் கடையில இருந்து பேசறேன்ங்க என்றாள். "ஐயையோ, கேக்குக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?" என்றது ஒரு கலகலப்பான குரல். கேக் நல்லா இருக்குங்க, பொண்ணைப் பத்தி ஒண்ணு சொல்… என்று ஆரம்பித்தாள், ஆரம்பித்துவிட்டாள், வார்த்தை பல்லைத் தாண்டிவிட்டது, ஆனால் முடிக்கவில்லை, அந்த அக்கா முடிக்க விடவில்லை.

"நல்லவேளை நீங்களே கூப்பிட்டீங்க! நேத்தே சொல்லணும்னு இருந்தேன், இந்தக் கல்யாண அலைச்சல்ல எங்கங்க ஞாபகம் இருக்கு. உங்க கடையில கேக் மேல மத்தாப்பு மாதிரி பொறி பறக்கிற மெழுகுவத்தி ஒண்ணு வெப்பீங்களாமே, அது வேண்டவே வேண்டாம். பொண்ணுக்கு ஆகாது."

ஏன் ஆகாதுங்க என்று கேட்டது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"அவளுக்கு ஃபிட்ஸ் இருக்குங்க. மினுக் மினுக்குனு வெளிச்சம் பட்டா வந்துடும். போட்டோக்காரர்கிட்ட சொல்லியாச்சு, மேடைக்கு விளக்குப் போடறவங்ககிட்ட சொல்லியாச்சு, நீங்கதான் பாக்கி."

"உங்களுக்கு… யாரு சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? அவதான். எங்க வீட்டுக்கு முதல் தடவை வந்த அன்னிக்கே, குடிச்ச டீ கப்பைக் கீழ வைக்கல, அதுக்குள்ள சொல்லிட்டா. வந்தா என்ன பண்ணணும்னு எங்களுக்குத் தரையில படுத்தே காட்டினா, போங்க! இப்படி ஒருக்களிச்சுப் போடுங்க, மணியைப் பாருங்க, வாயில மட்டும் எதையும் வெச்சிடாதீங்கன்னு. எங்கம்மாவைப் படுக்க வெச்சு எங்க தம்பி பழகிப் பாத்தான், சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சிடுச்சு." குரல் கொஞ்சம் தணிந்தது. "அவ பக்கம்னு யாரும் இல்லைங்க, நாங்கதான் பாத்துக்கணும். அழகாப் பண்ணிடுங்க, என்ன? அந்த ஜெர்கின் தையல் மாதிரியே வரணும்." வரும்ங்க என்றாள். நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே என்று கேட்டாள் அந்த அக்கா. அதேதான்ங்க, மெழுகுவத்தி வேணுமா வேணாமான்னு கேக்கத்தான், என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

மெழுகுவத்தி. மேசைக்குக் கீழே இரண்டாவது இழுப்பறையில் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது, கல்யாணக் கேக் ஒவ்வொன்றுக்கும் கடை சார்பில் ஒன்று, அடுக்குகளை நிறுத்தி முடித்ததும் உச்சியில் செருகி, பற்றவைக்க வேண்டியது எப்போது என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டு வருவதும் அவள் வேலைதான். இன்றைக்கும் செருகியிருப்பாள். பன்னிரண்டரையிலிருந்து மேடையை நினைத்தாள், விளக்கை நினைத்தாள், யார் பிடிப்பார்கள் யார் எண்ணுவார்கள் என்று உருகினாள், ஆனால் தன் கையாலேயே கொண்டுபோய் அந்தப் பிள்ளையின் முகத்துக்கு இரண்டு அடியில் வைக்கப் போகிறோம் என்பது ஒரு தடவையாவது தோன்றியதா? அவளுக்குத் தோன்றவில்லை. முகம் தெரியாத அந்த அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது. அப்பாடா என்று இருக்க வேண்டுமே, ஏன் இல்லை? தெரிந்திருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, இதைத்தானே இவ்வளவு நேரமும் வேண்டிக்கொண்டாள், கிடைத்துவிட்டது, பிறகு ஏன் யாரோ அவள் கையிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரி வயிறு எரிகிறது? முத்தை எடுத்தாள். கோடும் கோடும் வெட்டுகிற இடத்தில் ஊசிமுனை அளவு சர்க்கரைக் குழம்பு, அதன் மேல் ஒரு முத்து, சுண்டுவிரலால் ஒரு அழுத்து, அடுத்தது. மேல்தோல் காய்ந்துவிட்டிருந்தது, ஒரு இடத்தில் முத்தைச் சுற்றி மயிரிழை விரிசல் விட்டது, கொழுப்பைத் தடவித் தடவி மூடினாள். தரையில் படுத்துக் காட்டினாளாம். இவள் எதிரில் அந்தப் பிள்ளை அதைப் பற்றி ஒரு நாள்கூடச் சிரித்ததில்லை. சிரிக்கலாம் என்று இவளுக்கே தெரியாது.

அக்கா ஏத்தலாமா, என்று பின்வாசலில் டிரைவர் தம்பியின் குரல் கேட்டது, பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டேன், கீழடுக்கை மொதல்ல தூக்கட்டுமா, நீங்களும் வரீங்கல்ல? இருப்பா, வரேன்… இரு, என்றாள், எதற்கு வரேன் எதற்கு இரு என்று அவளுக்கே புரியவில்லை. கடைசி முத்தை வைத்தாள். கேக் நன்றாகத்தான் வந்திருக்கிறது, படத்தில் இருக்கிற மாதிரியே, கிரீம் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, எங்கடி இருக்கு அந்த மிச்சம், தெரியவே இல்லையே என்றாள். முதல் நாளே சொன்னாளாம் மகள். அவளே சொன்னாளாம். அவள் சொல்ல மாட்டாள், அதனால்தான் நான் சொன்னேன், இரண்டு வருஷம் மூன்று மாதமாக இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் படுத்து எழுந்திருக்கிறாள், அவள் சொல்ல மாட்டாள் என்று யார் சொன்னது? அந்தப் பிள்ளையா சொன்னது? எப்போது சொன்னது? யோசித்தாள், நின்ற இடத்திலேயே யோசித்தாள், அந்த வாரம் வியாழனுக்கு முந்தின நாள், புதன்கிழமை, மகள் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், இவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், செருப்பு ஒரு காலில் மாட்டியாயிற்று. அம்மா, ஞாயித்துக்கிழமை நான் அவரைத் தனியா பாக்கப் போறேன், ஒரு விஷயம் பேசணும், என்றாள் மகள், இஸ்திரியிலிருந்து கண்ணை எடுக்காமல். சரி, சீக்கிரம் வந்துடு, என்று இவள் இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தினாள், என்ன விஷயம் என்று கேட்கவில்லை.